கீழ்ப் பாதை

முப்பது வருடம் அடுத்தவர் நிலத்துக்கு எல்லை எழுதிய மனிதருக்கு, ஐம்பத்திரண்டு வயதில், எல்லையே இல்லாத ஓர் இடத்தில் நடந்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை அவருக்கு, கால்வலி எனக்கு. அவர் என் அக்கா புருஷன். ஊருக்குப் பத்திரக்காரர், எனக்கு அத்தான். நான் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் சுற்றிக் கொடுப்பவன். நாள் முழுக்க ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து செய்யும் வேலை. மலை, காடு, கடல் எதன்மீதும் எனக்கு எந்தக் காலத்திலும் பிரியம் இருந்ததில்லை. வேலை முடிந்து ஃபேனுக்கு அடியில் காலை நீட்டி உட்கார்வதுதான் எனக்குச் சுற்றுலா.

அத்தானின் அலுவலகம், பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில், மாவு மில்லுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒற்றை அறை. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், காகிதத்தைக் கடித்தால் விடாத ஒரு பிரிண்டர், சுவர் உயரத்துக்குப் பழைய நகல் கட்டுகள். அந்த நாற்காலியை விட்டு எழாமலேயே ஆயிரக்கணக்கான மனைகளையும் தோட்டங்களையும் கிணறுகளையும் எழுதியிருக்கிறார். அதில் ஒன்றில்கூட அவர் காலை வைத்ததில்லை. அப்படிப்பட்டவர் எங்கிருந்தோ ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்துக்கொண்டார். ஆள் குடியில்லாத ஒரு தீவு. தெற்கு முனையில் படகு இறக்கிவிடும். மூன்று நாள் காட்டுப் பாதையில் நடந்து வடக்கு முனைக்குப் போய், ஒரு நாள் ஓய்வெடுத்தால், ஐந்தாம் நாள் படகு வந்து ஏற்றிக்கொள்ளும். கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாம் நம் முதுகில்.

"யார் பேர்லயும் இல்லாத நிலம் மாப்ள," என்றார். "ஒருத்தரும் வித்ததில்ல, ஒருத்தரும் வாங்கினதில்ல. மூலப் பத்திரமே கிடையாது. அதுல ஒரு தடவ நடந்து பாத்துடணும்."

"பாத்து?"

"பாத்து என்ன. பாத்ததுதான்."

இரண்டு நாள் கழித்து அக்கா என் கடைக்கு வந்தாள். செம்புக் கம்பிச் சுருளை நகர்த்திவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். "போயே தீருவேன்னு நிக்கிறாரு. தனியா அனுப்ப எனக்கு மனசு வரல. நீ கூடப் போயிட்டு, பத்திரமா கூட்டிட்டு வந்துடு."

"பத்திரக்காரரப் பத்திரமாவா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் அம்மா அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. அவளுக்கு இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். முட்டிக்கு ஒரு பட்டி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். போனவரைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் வாசலில் நிறுத்துவது ஒன்றுதான் எனக்கு அங்கே வேலை.

செவ்வாய்க்கிழமை காலை படகுக்காரர் எங்களைத் தெற்குத் துறையில் இறக்கினார். அவர் இறங்கக்கூட இல்லை. "சனிக்கிழமை நாலு மணிக்கு வடக்குத் துறையில நிப்பேன். அரைமணி நேரம் பாப்பேன். இதுதான் கடைசி நடை. அப்புறம் மழை வந்துடும், ஒரு மாசம் இந்தப் பக்கம் எவனும் வரமாட்டான்."

"நாங்க வரலன்னா தேடுவீங்களா?" என்றேன்.

"வேற படகுல போயிட்டீங்கன்னு நெனச்சுக்குவேன்," என்றார். படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கையில் போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னலுக்கான ஒரு கோடும் இல்லை.

முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. இடுப்பளவு புதர், நடுவில் ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் தூரத்தில் கடல். அத்தான் புது ஷூவும் புது முதுகுப்பையுமாக, பள்ளிக்கூடம் சேர்ந்த அன்றைக்குப் பிள்ளைகள் நடப்பதைப்போல நடந்தார். ஆனால் நூறடிக்கு ஒரு தடவை நின்றார். நின்று, பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து எழுதினார். மதியம் பிஸ்கட் எடுக்க அவர் பையைத் திறந்த நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே முப்பது மீட்டர் அளவு டேப்.

"அளந்து யாருக்கு எழுதிக் குடுக்கப் போறீங்க? நண்டுக்கா?"

"சும்மா கையோட வந்துடுச்சு மாப்ள," என்றார். காதுவரை சிவந்துபோனார்.

இரண்டாம் நாள் தூறல் பிடித்துக்கொண்டது. நனைந்த பை இரண்டு மடங்கு கனத்தது. என் முட்டி ஒவ்வொரு மேட்டிலும் என்னைத் திட்டியது, நான் அவரைத் திட்டினேன். அவர் மெதுவாக நடப்பவர் என்பதால் காலையில் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பிவிடுவார், கூடாரங்களை மடித்துக்கொண்டு நான் பின்னால் போய்ப் பிடித்துக்கொள்வேன் என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. பிடித்த பிறகும் அவர் நின்றுநின்றுதான் வந்தார். கூடாரம் போடும் இரண்டாம் திடலுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நூடுல்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அந்த ஈரத்திலும் குறிப்பேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"உங்கள மேய்க்க ஒரு ஆள் வேணும்னுதான் அக்கா என்ன அனுப்பினா. அது தெரியுமா உங்களுக்கு? அம்பது வயசு ஆம்பளைய மேய்க்க ஒரு ஆள்."

அவர் நூடுல்ஸை இரண்டாகப் பிரித்து, அதிகம் இருந்த தட்டை என் பக்கம் தள்ளினார். சாப்பிட்டுவிட்டுத் தன் கூடாரத்துக்குள் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் அவர் இல்லை. தன் கூடாரத்தைத் தானே மடித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார். அது எனக்குச் சுருக்கென்றது. என் ஷூவுக்குள் ஒரு காகிதம், பிளாஸ்டிக் உறையில் போட்டு, நனையாமல். அவர் கையெழுத்தைச் சொல்ல வேண்டும். அச்சுக்கோத்ததைப்போல இருக்கும், ஓர் அடித்தல் இருக்காது.

'கீழ்ப் பாதையில் போகிறேன். நீ எழுந்ததும் மெதுவாக வா. வடக்குத் துறையில் காத்திருப்பேன்.'

திடலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் பாதை இரண்டாகப் பிரிகிறது. அங்கே ஒரு பலகை இருந்தது, எழுத்தெல்லாம் உப்புக்காற்றில் போய் வெறும் மரமாக நின்றது. பிரியும் இடத்தில் இரண்டு பாதையும் சமமாகத்தான் கிடந்தன. இடது கைப் பாதையில் ஒரு வளைவு தாண்டியதும் சரிவு தொடங்கி நேரே கடற்கரைக்கு இறங்கிற்று. வலது கைப் பாதை கொஞ்ச தூரத்தில் பாறை மேடாக ஏறிற்று. இரண்டும் வடக்குத் துறையில் போய்ச் சேரும் என்று முந்தின நாளே வரைபடத்தைக் காட்டிச் சொல்லியிருந்தார். வரைபடம் அவரிடம் இருந்தது. எனக்கு அது தேவைப்படவில்லை. கீழ்ப் பாதை என்று எழுதியிருக்கிறார், கீழே இறங்குகிறது ஒரு பாதை. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் கீழே இறங்கினேன்.

மதியம்வரை அவரைக் காணவில்லை. கோபத்தில் வேகமாக நடக்கிறார் போலிருக்கிறது, நடக்கட்டும் என்று நினைத்தேன். ஈரமணலில் காலடித் தடமும் இல்லை. அலை அழித்திருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம். சாயங்காலம் வடக்குத் துறைக்கு வந்தபோது, நாலு மரத்தூணும் ஒரு பலகை மேடையும் ஆளில்லாமல் நின்றன. மேட்டுப் பாதை வந்து சேரும் வாய் அங்கேதான், முப்பதடி தூரத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுதிக் கொடுத்த காகிதம் கையில் இருக்கிறதே. அவர் வழியில் எங்கோ பாறைக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தபோது நான் தாண்டி வந்துவிட்டேன், பின்னால் வந்துகொண்டிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். அன்றைக்கு மழை வலுத்துப் பெய்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பையை மேடையிலேயே போட்டுவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலையும் ஒரு கூடாரத் துணியையும் எடுத்துக்கொண்டு, வந்த கடலோரப் பாதையிலேயே திரும்பி நடந்தேன். ஒவ்வொரு பாறை இடுக்கிலும் எட்டிப் பார்த்தேன். அத்தான் அத்தான் என்று தொண்டை கிழியக் கத்தினேன். மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறி இரண்டு இடங்களில் பாதையை மூடிக்கொண்டது. அங்கே பாறையில் தொற்றிக்கொண்டு நின்றபோதுதான், அலை இழுத்துக்கொண்டு போயிருக்குமோ என்று முதல் தடவையாகத் தோன்றிற்று. அக்காவின் முகம் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்த அந்த முகம். அங்கேயே நின்று அழுதேன். பொழுது சாயும் நேரத்தில் பிரிவுப் பலகைக்கு வந்து சேர்ந்தேன். அதற்குமேல் என்னால் ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. துணியைப் போர்த்திக்கொண்டு பலகைக்கு அடியில் சுருண்டேன்.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. கண்ணைத் திறந்தபோது வெயில் நேராக முகத்தில் அடித்தது. கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். வலது கைப் பாதை, பாறை மேட்டுக்கு ஏறும் பாதை, அதற்கு நேர் மேலே சூரியன் எழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து மறுபடி படித்தேன்.

அத்தான் கிழக்கு என்று எழுதி நான் பார்த்ததே இல்லை. பத்திரத்தில் கீழ் என்றால் கிழக்கு, மேல் என்றால் மேற்கு. கீழ்புறம் இன்னார் மனை, மேல்புறம் பொதுச் சந்து, கீழ்மேலடி நாற்பது, தென்வடலடி அறுபது. முப்பது வருடமாக அவர் கை அப்படித்தான் எழுதிற்று, அவர் வாயும் அப்படியே பேசிற்று. மாடியே இல்லாத அவர் வீட்டில் ஒரு கீழ் ரூம் உண்டு, ஒரு மேல் ரூம் உண்டு. அக்காவுக்குக் கல்யாணமான புதிதில், "மேல் ரூமுக்குப் படி எங்க அத்தான் இருக்கு?" என்று கேட்டு எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்தான். எனக்குத் தெரியாத விஷயமில்லை. வரைபடத்தில் மேடும் பள்ளமும் தெரியாது, நாலு திசைதான் தெரியும். அவர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். நான் நிலத்தைப் பார்த்துப் படித்திருக்கிறேன்.

ஓடினேன். முட்டி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. முக்கால் மணி நேரம் ஏறியதும் பாதை ஒரு குறுகிய பாறை விளிம்பில் போயிற்று. ஓரத்தில் அவருடைய குறிப்பேடு ஊறிப்போய் விரிந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். இரண்டு ஆள் ஆழத்தில், கற்களுக்கு நடுவில், அத்தான் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து இமைத்தது.

நான் எப்படி இறங்கினேன் என்று சொல்லத் தெரியவில்லை. வியாழக்கிழமை காலையிலேயே வழுக்கியிருக்கிறார். இரண்டு பகல், இரண்டு மழை ராத்திரி அப்படியே கிடந்திருக்கிறார். ஒரு கால் இருக்கக்கூடாத திசையில் திரும்பியிருந்தது. வயிறு வீங்கிக் கல்லாக இருந்தது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தேன். அவர் எழுப்பிய சத்தத்தில் விட்டுவிட்டேன். அப்புறம் தூக்க முயலவில்லை. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டேன். பாதி உள்ளே போயிற்று. கூடாரத் துணியால் போர்த்தி, அவர் கைகளை எடுத்து என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். கல்லைத் தொட்டதைப்போல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சு வந்தது. "எந்தப் பக்கம் மாப்ள போன?"

"கடலோரமா. கீழ்ப் பாதைன்னு எழுதியிருந்தீங்களே."

அவர் என்னையே பார்த்தார். அது அவருக்குள் இறங்குவதை நான் பார்த்தேன். கிழக்குன்னு உனக்குத் தெரியாதாடா என்று கேட்கப்போகிறார், கேட்கட்டும், அடிக்கட்டும் என்று காத்திருந்தேன். கண்ணை மூடித் திறந்தார்.

"பள்ளம்னு ஒண்ணு இருக்குல்ல இங்க," என்றார். "அத நான் நெனைக்கல."

பழைய பத்திரத்தில் எல்லையோ பெயரோ தவறாக இருந்தால், அதைச் சரிசெய்ய இன்னொன்று எழுதுவார்கள். அதற்குப் பிழைத்திருத்தல் பத்திரம் என்று பெயர். அவர் அறையில் தினமும் அடிபடும் வார்த்தை. அதைத்தான் அவர் அப்போது சொன்னார். "பிழைத்திருந்தா ஒரு பிழைத்திருத்தல் எழுதிடலாம்." சிரிக்கப் பார்த்தார். அது இருமலாகி, கடைவாயில் சிவப்பாக வந்தது. நான் துடைத்தேன்.

"மணி என்ன?"

"எட்டு இருக்கும்."

"நாலு மணிக்குப் படகு. இங்கேருந்து ஆறு மணி நேரம்." அவர் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "நீ போய்ப் புடிக்கலன்னா ஒரு மாசம் எவனும் வரமாட்டான்."

"உங்கள விட்டுட்டு எப்படிப் போறது?"

"இருந்து என்ன பண்ணுவ? காயில் சுத்துவியா?" மூச்சு வாங்கிற்று. அப்புறம், "அந்தச் சீட்டு எங்க?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"உங்க அக்கா கேப்பா. வாங்கிப் படிப்பா. ஒரு பார்வைல தெரிஞ்சுக்குவா, நான் கிழக்க எழுதினேன், நீ பள்ளத்துல போயிட்டன்னு. அப்புறம் உன் மூஞ்சில முழிக்க மாட்டா." நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நான் இல்லாம போனா அவளுக்கு உன்ன விட்டா யாரு இருக்கா? அவ உன்ன வெறுக்கக்கூடாது. பேனா எடு."

பேனா அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அத்தனை உயரத்திலிருந்து விழுந்தும் மூடி கழன்றிருக்கவில்லை. காகிதத்தை ஒரு தட்டைக் கல்லில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் விரல் மடங்கவில்லை. நான்தான் மடக்கிப் பேனாவைப் பொருத்தினேன். 'கீழ்ப் பாதையில்' என்பதற்கும் 'போகிறேன்' என்பதற்கும் நடுவில் ஒரு கூரைக் குறி போட்டு, மேலே 'கடலோரமாக' என்று எழுதினார். அந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படி எழுதினாரோ தெரியவில்லை, அச்சுக்கோத்ததைப்போலவே வந்தது. எழுதி முடித்து, பேனாவை ஓரத்துக்குக் கொண்டுபோய், பழக்கத்தில் தன் சுருக்கொப்பத்தையும் போட்டார். அதற்குள் வியர்த்துவிட்டது அவருக்கு.

"இப்ப சரி," என்றார். "கடலோரமா போறேன்னு எழுதிட்டு மேட்டுல ஏறிட்டான் மடையன். தப்பு என்னோடது. நீ எழுதினபடி போன."

முப்பது வருடத்தில் ஒரு பொய்ப் பத்திரம் எழுதாதவர். எழுதச் சொல்லி வந்தவர்களை வாசலோடு அனுப்பியவர். எனக்காக எழுதினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை இன்றைக்கும் என்னால் மென்று விழுங்க முடியவில்லை. ஒரு வார்த்தை, வேண்டாம் அத்தான், அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நான் காகிதம் பறக்காமல் இருக்க நாலு மூலையையும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொண்ணு," என்றார். "நீ வந்தப்ப நான் போயிட்டேன்னு சொல்லிடு. உயிரோட விட்டுட்டு வந்தான்னு இருக்கக்கூடாது."

"அப்படியெல்லாம் பேசாதீங்க. ஆள கூட்டிட்டு வர்றேன். நாளைக்கு ஆஸ்பத்திரில இருப்பீங்க."

"சரி. அப்படி ஆச்சுன்னா ரெண்டு பேரும் சேர்ந்து வேற எழுதிக்கலாம். கெளம்பு. பாறை ஈரமா இருக்கு, முட்டியப் பாத்துக்கோ."

தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஏறினேன். விளிம்பிலிருந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றரை மணிக்குத் துறைக்கு வந்துவிட்டேன். படகுக்காரர் தன் வயர்லெஸில் கரைக்குச் சொன்னார். காற்று எழும்பிவிட்டது, விடிந்துதான் ஏற முடியும் என்று கரையிலிருந்து பதில் வந்தது. ஞாயிறு காலை நாலு மீட்பு ஆட்களோடு நானும் ஏறினேன். மதியம் போய்ச் சேர்ந்தோம். பாட்டிலில் தண்ணீர் வைத்தபடியே இருந்தது. "உள்காயம்," என்று டாக்டர் பிறகு சொன்னார். "ஒரு நாள் முன்னால கெடச்சிருந்தா பாத்திருக்கலாம்." ஒரு நாள் முன்னால் நான் கடலோரத்தில் கத்திக்கொண்டிருந்தேன். மேட்டுப் பாதையில் திரும்பியிருந்தால் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அவர் தலைமாட்டில் நின்றிருப்பேன்.

விசாரித்த அதிகாரி காகிதத்தைப் படித்துவிட்டு நகல் எடுத்துக்கொண்டு என்னிடமே திருப்பித் தந்தார். "எழுதினது ஒண்ணு, போனது ஒண்ணு. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்," என்றார். உயிரோடு இருந்ததை அவருக்கும் சொல்லவில்லை. வயர்லெஸில் ஆள் விழுந்து கிடக்கிறார் என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். அக்காவிடமும் அதே கதைதான். நான் போனப்பவே இல்லக்கா. அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அத்தான் எழுதிக் கொடுத்த ஏற்பாடு அப்படியே நடந்தது. தினமும் கடையை மூடிவிட்டு அவளைப் போய்ப் பார்த்தேன். தினமும் அவள் எனக்குச் சாப்பாடு எடுத்துவைத்தாள். ஒவ்வொரு வாயும் எனக்கு எப்படி இறங்கியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள் கேட்டுவிட்டாள். "சீட்டு ஒண்ணு எழுதி வெச்சிருந்தாராமே. அந்த ஆபீசர் சொன்னாரு. எனக்கு ஏன் காட்டல?"

"எதுக்குக்கா, பாத்தா இன்னும் கஷ்டம்."

"அவரு கடைசியா எழுதினது. குடு."

கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை நேராக வைத்து, பென்சில் முனையை எழுத்துக்கு அடியில் ஓட்டிக்கொண்டே படித்தாள். இருபத்தாறு வருடம் அவர் எழுதிய ஒவ்வொரு பத்திரத்தையும் அவள்தான் வரிக்கு வரி ஒப்புப் பார்த்திருக்கிறாள். மூன்று வரிதான். அதற்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். பென்சில் ஓர் இடத்தில் நின்றது.

"இது எப்ப எழுதினது?"

"வியாழக்கிழமை காலைல. என் ஷூவுக்குள்ள வெச்சிருந்தாரு."

"சீட்ட கேக்கல. இந்த வார்த்தைய கேக்கறேன்." பென்சில் 'கடலோரமாக' என்பதைத் தொட்டது. அங்கிருந்து ஓரத்துக்குப் போயிற்று. "பின்னால ஒரு வார்த்த சேத்தா ஓரத்துல சின்னக் கையெழுத்து போடாம அவரால இருக்க முடியாது. கடைச் சீட்டுல சோப்புன்னு சேத்தாக்கூட போடுவாரு."

"எழுதிட்டு மறுபடி படிச்சுப் பாத்து சேத்திருப்பாரு."

அவள் தலையை ஆட்டினாள். குரல் உயரவில்லை. "அவரு கீழ்னு எழுதினா கிழக்கு. கிழக்குப் பாதையிலதான் போயிருக்காரு, அங்கதான் கெடந்தாரு. எழுதினபடிதான் போயிருக்காரு. அந்தச் சீட்டுல கடலோரம்னு எதுக்குச் சேக்கணும்? நீ கடலோரமா போனன்னு தெரிஞ்ச பெறகுதான் இத எழுதியிருக்க முடியும்." கண்ணாடியைக் கழற்றினாள். "அது அவருக்கு யாரு சொன்னா?"

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உயிரோட இருந்தாரா?"

சொல்லிவிட்டேன். பலகை, சூரியன், விளிம்பு, பேனா, எல்லாவற்றையும். குறுக்கே பேசாமல் கேட்டாள். வலி இருந்ததா என்று கேட்டாள், இருந்தது என்றேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாயா என்று கேட்டாள், கொடுத்தேன் என்றேன். என்னைத் திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கமே இல்லை, வேறு எங்கோ இருந்தாள்.

"எவ்வளவு நேரம் கூட இருந்த?"

"ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் இருக்கும்."

"அவ்வளவு நேரம் பேசினாரா?"

"நிறுத்தி நிறுத்திப் பேசினாரு."

"எனக்கு ஏதாவது சொன்னாரா?"

யோசித்தேன். அந்தப் பள்ளத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம். படகைப் பற்றிச் சொன்னார், சீட்டைப் பற்றிச் சொன்னார், என் முட்டியைப் பற்றிச் சொன்னார். மீதி இருந்த மூச்சையெல்லாம் என்னைக் காப்பாற்றச் செலவழித்துவிட்டார். அக்கா அந்தப் பேச்சில் வந்தது, உண்மையைக் கண்டுபிடித்து என்னை வெறுத்துவிடக் கூடாத ஓர் ஆளாக மட்டும்தான். அவள் பென்சிலைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா," என்றேன்.

அவள் சரி என்று தலையசைத்தாள். காகிதத்தை மடித்து உறைக்குள் போட்டாள். எழுந்து கீழ் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருபது நாளாக அவளிடம் பொய்யாகவே சொல்லிக்கொண்டிருந்தவன், அந்த ஒரு கேள்விக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன்.